ரேட் கேட்க ஓர் ஆள் வேண்டும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, காட்கோபர் ரயில் நிலையத்தின் நடைமேடையிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். பணம் அனுப்பும் செயலி ஒன்றுக்கு 140 வரிகள் தமிழில் எழுத வேண்டுமாம். பத்து நிமிடத்துக்குள் ரேட் சொல்லியாக வேண்டுமாம். "அக்கா, எவ்வளவு கேட்கலாம்?" என்றாள். மூலம் இந்தியிலா ஆங்கிலத்திலா, ஒரு வரிக்கு எத்தனை எழுத்துக்கு இடம் உண்டு, எத்தனை முறை திருத்தித் தர வேண்டும் என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்டேன். மூன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது.

அவளைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 2014-இல் சம்பள வேலையை விட்டுவிட்டுத் தனியாக விளம்பரம் எழுதத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம். 62 சொற்கள். சொல்லுக்கு ஒரு ரூபாய் என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. 62 ரூபாய்க்கு இன்வாய்ஸ் அனுப்பினேன். மறுநாள் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்து, "மேடம், பூஜ்யம் ஏதாவது விட்டுப்போயிற்றா?" என்று கேட்டார். இதற்கு முன் எழுதியவர் 4,000 வாங்கினார் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, வேறு இன்வாய்ஸ் அனுப்பச் சொன்னார். இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த முதல் ஆலோசகர் அவர்தான். இன்றுவரை முகம் தெரியாது.

நான் தாராவியில் பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இப்போது சயானில் குடியிருக்கிறேன். மும்பை விளம்பர நிறுவனங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் யோசிப்பதைத் தமிழில் எழுதித் தருவது பிழைப்பு. காப்பிரைட்டர் என்று சொன்னால் என் மாமியாருக்கு விளங்காது. "காபிக் கம்பெனிக்கு ஏதோ எழுதிக் கொடுக்கிறாள்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார். வீட்டில் கேட்க முடியாத கேள்விகள்தான் இந்தத் தொழிலில் அதிகம். அவற்றை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை நான் இடறி விழுந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தெலுங்குக்காரரைத் தேடுங்கள்

தொடக்கத்தில் நான் செய்த தவறு, தமிழில் விளம்பரம் எழுதுகிற இன்னொருவரைத் தேடி அலைந்தது. கண்டுபிடித்தேன். பேசினார். ரேட் என்றதும் மழுப்பினார். அவர் மழுப்பியதில் தப்பில்லை. என் ரேட் அவருடையதைவிடக் குறைந்தால் அடுத்த வேலை எனக்குத்தானே வரும்.

பிறகுதான் புத்தி வந்தது. மும்பையில் ஒரு விளம்பரப் படம் இந்தியில் எடுக்கப்பட்டால், அது ஒரே நாளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளி என்று ஏழெட்டு மொழிகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகிறது. அதே பிரீஃப் (என்ன எழுத வேண்டும் என்ற குறிப்பு), அதே கெடு, பெரும்பாலும் அதே ரேட், அதே இழுத்தடிப்பு. தெலுங்கில் எழுதுகிறவர் உங்கள் வேலையைப் பறிக்கவே முடியாது. உங்கள் தலைவலி முழுவதும் அவருக்கும் உண்டு. இதைவிட நல்ல தோழமை எங்கே கிடைக்கும்?

அவரை எங்கே பிடிப்பது? ஏஜென்சி அனுப்பும் மின்னஞ்சலில் சில சமயம் எல்லா மொழிக்காரர்களின் முகவரியும் வரிசையாக இருக்கும். அனுப்பியவரின் கவனக்குறைவு, நமக்கு வரம். தனியாக ஒரு வரி எழுதுங்கள்: "இந்தப் பிரீஃபில் மூன்றாவது வரி உங்களுக்குப் புரிந்ததா?" பெயர், ஊர், அனுபவம் என்று நீட்டி எழுதத் தேவையில்லை. நான் இப்படி எழுதியதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "எனக்கும் புரியவில்லை." அந்தப் பெண்மணி போரிவலியில் இருக்கிறார். பத்து வருடங்களாக என் மிக நெருங்கிய தொழில் துணை அவர்.

இரண்டாவது இடம் அந்தேரி மேற்கில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களின் வரவேற்பறை. எழுதி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முதல் இரண்டு வருடங்கள் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் பதிவுக்குப் போய் உட்காருங்கள். மலையாளம் முடிந்து தமிழ், தமிழ் முடிந்து கன்னடம் என்று வரிசை போகும். தேநீர் ஆறுவதற்குள் இரண்டு பேர் அறிமுகமாகிவிடுவார்கள். ஒலிப்பொறியாளரிடமும் பேசுங்கள். எந்த ஏஜென்சியின் வாசகம் பதிவின்போது கடைசி நிமிடம் வரை மாறிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அங்கே வேலை எடுத்தால் திருத்தத்துக்கும் சேர்த்து ரேட் சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரிய வேண்டிய செய்தி.

எல்லாரையும்விட டப்பிங் கலைஞர்கள் விவரமானவர்கள். மும்பையில் தமிழ்க் குரல் கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லா ஏஜென்சிக்கும் அவர்களே போகிறார்கள். யார் முப்பது நாளில் பணம் தருகிறார், யார் "அடுத்த வாரம்" என்று ஆறு மாதம் சொல்வார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

"நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள்

எழுதியதைக் காட்டிக் கருத்துக் கேட்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. ஒரு பிரஷர் குக்கர் விளம்பரத்தில் எனக்கு அது பிடிபட்டது.

இந்தியில் கடைசி வரி: "ஸ்வாத் வஹீ, வக்த் ஆதா." மாமியார் கரண்டியிலிருந்து ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுச் சொல்வதாகக் காட்சி. நான் "ருசி அதே, நேரம் பாதி" என்று எழுதினேன். இரண்டு பேரிடம் அனுப்பி நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? முகத்துக்கு நேரே கேட்டால் கத்தரிக்காய்க் கூட்டையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வோம்.

பதிவு நாளில் வரி வாயோடு ஒட்டவில்லை. திரையில் அந்த அம்மாளின் வாய் "ஆதா" என்று அகலத் திறந்து நிற்கிறது. நம் "பாதி" இகரத்தில் முடிந்து உதட்டை இழுக்கிறது. ஆறு அசை (சிலபிள்) பேசுகிற நேரத்தில் எட்டு அசையைத் திணித்திருக்கிறேன். அப்போது குரல் கொடுக்க வந்திருந்த முலுண்ட்வாசியான அக்காவிடம் வேறு விதமாகக் கேட்டேன்: "இரண்டு விநாடிதான் இருக்கிறது, வாய் ஆகாரத்தில் முடிய வேண்டும். உங்கள் மாமியார் இந்த இடத்தில் என்ன சொல்வார்?" அவர் யோசிக்கவேயில்லை. "எங்கள் மாமியார் 'ருசி அதே' என்று ஒருநாளும் சொன்னதில்லை. சமையலறைக்குள் வந்து எட்டிப் பார்த்து, 'அதுக்குள்ளே ஆச்சா!' என்பார்."

அதுக்குள்ளே ஆச்சா. எண்ணிப் பாருங்கள், ஆறே அசை. கடைசியில் வாய் திறந்திருக்கிறது. ருசி போய்விட்டதே என்றால், ருசி பார்ப்பதுதான் படத்திலேயே தெரிகிறதே! கிளையண்ட் முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். அந்த அக்காவுக்கு நான் ஒரு கிலோ காபித் தூள் வாங்கிக் கொடுத்தேன். மாட்டுங்காவில் அப்போதே அரைத்துத் தருகிற கடையில்.

ஆகவே, கேட்கும்போது கட்டாயத்தைச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை விநாடி, யார் பேசுகிறார், யார் காதில் விழ வேண்டும், எந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு, "எந்த இடத்தில் நாக்கு இடறுகிறது?" என்று கேளுங்கள். இன்னொன்று: வெளிவராத விளம்பரத்தை, ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு வெளியாள் யாருக்கும் அனுப்பக் கூடாது. அந்த அக்கா அதே வேலையில் இருந்தவர் என்பதால் கேட்டேன். மற்றவர்களிடம் கேட்பதானால் பிராண்டின் பெயரையும் பொருளையும் மாற்றி, வாக்கியத்தின் சிக்கலை மட்டும் காட்டலாம்.

சில கேள்விகளுக்கு ஆளே தேவையில்லை. "பாதி நேரம்", "இந்தியாவின் முதல்", "ஒரே" போன்ற சொற்களை எழுதலாமா என்று நண்பர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறிமுறையைப் படியுங்கள். 1985-இல் தொடங்கிய அந்த அமைப்பின் தலைமையிடம் மும்பைதான். நெறிமுறையை இலவசமாகவே தருகிறார்கள். சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆதாரம் இருக்கிறதா என்று கிளையண்டிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுவைத்தால் பின்னால் பழி நம் தலையில் விழாது.

ஒற்றுப் பிழைக்கு எனக்கு ஒரு வாத்தியார் உண்டு. சயானில் உள்ள தமிழ்ச் சங்கத்து நிகழ்ச்சி ஒன்றில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மேடையில் கட்டியிருந்த பேனரில் இரண்டு "க்" விடுபட்டிருப்பதை எனக்குக் காட்டி வருத்தப்பட்டார். அன்றே எண் வாங்கிக்கொண்டேன். விளம்பரம் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அதனாலேயே அவர் சொல்வது பயன்படுகிறது.

நால்வர் போதும்

2017 முதல் நாங்கள் நான்கு பேர் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம்: நான், போரிவலித் தெலுங்குக்காரி, வாஷியில் இருக்கும் மலையாளி அண்ணன் ஒருவர், கன்னடத்தில் எழுதும் இளைஞன் ஒருவன். இடம் மாட்டுங்கா, புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி. கிழமையும் நேரமும் யோசித்து வைத்தவை. ஞாயிறு காலை அங்கே போனால் டிபன் கடைகளின் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்தால் அடுத்த ஆள் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புதன் பிற்பகல் காபி குடித்துவிட்டு, நடந்து போய் ஐந்து தோட்டங்கள் (ஃபைவ் கார்டன்ஸ்) என்ற பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம்.

ஆளுக்கு ஒரு கேள்வி. அதற்கான தாளோடு வர வேண்டும். இன்வாய்ஸ், ஒப்பந்தம், பிரீஃப், ஏதாவது ஒன்று. தாள் இல்லாமல் வந்தால் அது புலம்பலாகத்தான் முடியும். புலம்பலுக்கும் இடம் உண்டு, நடக்கும் வழியில். தொகையைச் சொல்லும்போது ரூபாயில் சொல்ல வேண்டும். "நல்ல ரேட்", "சுமாரான ரேட்" என்பதெல்லாம் கிடையாது. எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. முதல் சந்திப்பில் நான் என் ரேட்டைச் சொன்னபோது மலையாளி அண்ணன் தன் ரேட்டைச் சொல்லாமல் என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதே படத்துக்கு அவர் வாங்கியது என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல். கேட்டிருந்தால் எனக்கும் கொடுத்திருப்பார்கள்.

ஒருமுறை ஆசைப்பட்டு ஏழு பேராக்கினோம். மூன்றாவது மாதமே ஒருவர் சொன்ன தொகை ஏஜென்சியின் காதுக்குப் போய்விட்டது. மறுபடி நால்வரானோம்.

பெரிய அமைப்புகளை ஒதுக்கச் சொல்லவில்லை. மும்பை விளம்பரக் கழகம் 1954 முதல் இருக்கிறது. அதன் கூட்டங்களுக்குப் போனால் தொழிலின் போக்கு தெரியும், உங்கள் பாக்கி வசூலாகாது. படம், தொடர் வசனமும் எழுதுகிறீர்கள் என்றால் அந்தேரியில் உள்ள திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் சேருங்கள். கதையைப் பதிவு செய்யலாம், தகராறு வந்தால் முறையிடலாம். விளம்பர வரிகளுக்கு அது வீடு இல்லை. மாதம் லட்சம் சம்பாதிக்கக் கற்றுத் தருகிறேன் என்று காசு கேட்கிறவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

நண்பர்களிடம் கேட்கக் கூடாதவை

வரி. இதை நண்பர்களிடம் கேட்டு நான் ஒரு வருடம் குழம்பினேன். சில தொழில்களுக்கு வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டும் வசதி உண்டு. நமக்கும் உண்டு என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர், "எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்றார் மூன்றாமவர். சட்டத்தின் பட்டியலில் திரைப்படக் கதை, வசன எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். விளம்பர எழுத்தாளர் என்று பெயர் சொல்லி எழுதப்படவில்லை. உங்கள் வேலை எந்தப் பெட்டிக்குள் வருகிறது என்பதை ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு மணி நேரம் அவருக்குக் காசு கொடுங்கள். போகும்போது மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வருட மொத்த வரவு (சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு), கட்டணத்தில் முன்கூட்டியே பிடித்த வரி (டி.டி.எஸ்.) வருமான வரித் துறையில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்ற விவரம், இன்வாய்ஸ் நகல்கள். தொழில்முறைக் கட்டணத்தில் பொதுவாக 10 சதவீதம் பிடிக்கிறார்கள். பிடித்துவிட்டு உங்கள் பெயரில் கட்டாமல் விட்ட ஏஜென்சியையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர். எல்லாப் பக்கத்தையும் காட்டினால் கட்டணம் எகிறும். வழக்கு வந்தால் நஷ்டத்தை யார் ஏற்பது என்ற பிரிவையும், உரிமை யாருக்குப் போகிறது என்ற பிரிவையும் மட்டும் காட்டுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா. இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே பேரம் பேசும் குரல் மாறும்.

பாக்கிப் பணத்துக்கு மட்டும் சட்டமும் தோழர்களும் சேர்ந்து வேண்டும். இலவசமாக இணையத்தில் செய்யக்கூடிய உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைத் தொழில் தொடங்கிய வாரமே செய்துவிடுங்கள். பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது கைகொடுப்பது கடினம். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதம்தோறும் கூட்டுவட்டி. இதற்கான அரசு இணையத் தளத்தில் புகார் கொடுக்கலாம்.

2021-இல் ஒரு ஏஜென்சி எனக்கு 38,000 ரூபாயை ஏழு மாதம் தராமல் வைத்திருந்தது. தனியாக ஒன்பது மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐந்து தோட்டத்துப் பெஞ்சில் தாளை எடுத்து வைத்தபோதுதான், அதே படத்துக்கு மற்ற மூவருக்கும் பணம் வரவில்லை என்று தெரிந்தது. நான்கு பேரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், தனித்தனி மின்னஞ்சலாக அனுப்பினோம். கோபமான சொல் ஒன்றுகூட இல்லை: இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, உத்யம் எண், சட்டத்தின் பெயர், இன்றைய தேதி வரை வட்டி. மூன்று வாரத்தில் அசல் வந்தது. வட்டி வரவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. சிறு, குறுந்தொழில்களுக்குக் கெடு தாண்டியும் தராத தொகையை, அதைக் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவுக்காரர்களே போன் செய்து உத்யம் எண் கேட்கிறார்கள்.

போட்டிக்காரரும் வேண்டும்

தமிழில் எழுதுகிற சக ஆளை விட்டுவிடச் சொன்னதுபோல் மேலே எழுதிவிட்டேன். அது பாதி உண்மை.

மூன்று வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது என் அப்பா இறந்துபோனார். கையில் ஒரு புடவைக் கடையின் முழு விளம்பர வேலை. பட்டு, பளபளப்பு, கொண்டாட்டம் என்று எழுத வேண்டும்; எனக்குக் கை ஓடவில்லை. வாஷி அண்ணன் என்னைக் கேட்காமலே, ஐரோலியில் இருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளரிடம் பேசினார். பல வருடங்களுக்கு முன் ரேட் கேட்டபோது மழுப்பியவர் இவர்தான். ஆறு நாளில் வேலையை முடித்து, என் பெயரிலேயே கோப்புகளை எனக்கு அனுப்பினார். கிளையண்டிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் நான் அழைத்துப் பணம் எவ்வளவு என்று கேட்டேன். "முதலில் உங்கள் ரேட்டைச் சொல்லுங்கள்" என்று சிரித்தார்.

இப்போது எங்களுக்குள் எழுதி வைத்த ஏற்பாடு இருக்கிறது. ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் செய்வது. இன்வாய்ஸ் வேலை வாங்கியவர் பெயரில். தொகையில் எண்பது சதவீதம் எழுதியவருக்கு. ஒரு வருடம் அந்தக் கிளையண்டை நேரடியாக அணுகுவதில்லை. அரைப் பக்கம்தான். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை ஒருவரோடு எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சலில் படுத்துக்கொண்டு ஆள் தேட முடியாது.

காட்கோபர்ப் பெண் மறுநாள் மறுபடி அழைத்தாள். மூன்று கேள்வியையும் கிளையண்டிடம் கேட்டாளாம். எத்தனை முறை திருத்தம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. இரண்டு என்று இவளே எழுதி அனுப்ப, ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தொகையைச் சொன்னாள். குறைவுதான், ஆனால் 62 ரூபாய் இல்லை. கன்னடத்துப் பையன் பெங்களூருக்கு மாறிப்போவதால் எங்கள் பெஞ்சில் ஓர் இடம் காலியாகிறது. புதன்கிழமை மூன்று மணிக்கு இன்வாய்ஸ் நகலோடு வரச் சொன்னேன்.

"மாட்டுங்காவுக்கு எந்த வண்டி அக்கா?"

"ஸ்லோ வண்டி. ஃபாஸ்ட்டில் ஏறிவிடாதே, தாதரில் கொண்டுபோய் விட்டுவிடும்."